கானா கிராமப் பள்ளிக்கு இணையமில்லா நூலகம்: புலம்பெயர் தொழில்நுட்பக் குழுக்களுக்கு ஒரு செய்முறை

ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், லண்டன், டொராண்டோ, நியூயார்க்கின் பிராங்க்ஸ் என்று பல ஊர்களில் கானாக்காரர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களில் கணினித் துறையில் இருப்பவர்கள் ஊர்ச் சங்கமாகவோ பழைய மாணவர் சங்கமாகவோ சேர்ந்து சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய முனைவது வழக்கம். அப்படிப்பட்ட ஒரு குழுவில் இருப்பவர்களுக்கும், அவர்களோடு வேலை பார்ப்பதால் துணைக்குப் போகும் தமிழ்ப் பொறியாளர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும். எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: இணைய இணைப்பே இல்லாமல் விக்கிப்பீடியாவும் பாட வீடியோக்களும் 20 டேப்லெட்களில் திறக்கும் ஒரு சிறிய பள்ளி சர்வர், அதற்குச் சூரிய மின்சாரம்.

ஒவ்வொரு பொருளை வாங்கும்போதும் ஒவ்வொரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நின்றுபோனால் கானாவின் குமாசி நகரில் யார் சரிசெய்வார்? பதில் இல்லையென்றால் அந்தப் பொருள் எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் வேண்டாம். ஆப்பிரிக்க இணையம் வளர்ந்த விதமே இதற்குச் சான்று. அமெரிக்காவில் கணினித் துறையில் இருந்துவிட்டுக் கானா திரும்பிய நீய் குவேனர் என்பவர் தன் நாட்டுக்கு இணையத்தைக் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க நெட்வொர்க் பொறியாளர்களுக்காக 2000-இல் தொடங்கிய ஆஃப்நாக் பயிற்சி முகாம்களுக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த முகாம்களில் கற்றவர்கள் பிறகு அங்கேயே கற்றுக்கொடுப்பவர்களாக வந்தார்கள். மைக்ரோசாஃப்ட்டில் பொறியாளராக இருந்த பேட்ரிக் அவுவா ஊர் திரும்பி 2002-இல் அஷேசி பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். இருவருமே திறமையைக் கானாவில் நிலைக்க வைத்தார்கள். உங்கள் வேலை அதைவிட மிகச் சிறியது, ஆனால் அளவுகோல் அதுவேதான்.

முதலில் ஊரின் சம்மதம்

பள்ளிக்கு எழுதுவதற்கு முன் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். கானா கல்விச் சேவையின் கீழ் உள்ள பள்ளியில் தலைமையாசிரியர் மட்டும் சரி என்றால் போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்கு இந்தப் பெட்டி யாருடையது என்றே தெரியாது. கல்வி அலுவலகம், தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், உங்கள் குழு ஆகிய நான்கு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கட்டும்.

அந்த ஒரு பக்கத்தில் தவறாமல் வரவேண்டிய வரி: டேப்லெட் உடைந்தாலோ திருடு போனாலோ தலைமையாசிரியர் தன் சம்பளத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியதில்லை. நன்கொடைக் கணினி அறைகள் பூட்டியே கிடப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். பொருளுக்குப் பொறுப்பாளர் தான் என்று நினைப்பவர் அதைப் பூட்டி வைப்பார், பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டார். சாவி யாரிடம் இருக்கும், அவர் வராத நாளில் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

பிறகு பள்ளியிடம் இவற்றைக் கேளுங்கள்: கூரை, அறையின் நான்கு சுவர், மின்பலகை ஆகியவற்றின் புகைப்படங்கள், இரண்டு வாரத்துக்கு மின்சாரம் எப்போது வந்தது, எப்போது போனது என்ற குறிப்பு, அறைக்குள் எந்த நிறுவனத்தின் கைப்பேசி அலை எத்தனை கோடு காட்டுகிறது. இந்த மின்சாரக் குறிப்பைக் கேட்டு வாங்காமல் பேட்டரி அளவைத் தீர்மானிக்க வேண்டாம். கானாவில் டும்சோர் என்று சொல்லப்படும் மின்வெட்டு ஊருக்கு ஊர் வேறுபடும்.

எதைக் கையோடு கொண்டுபோவது, எதை அங்கே வாங்குவது

பயணப்பெட்டியில் போக வேண்டியவை: சர்வராக ஓடப்போகும் உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை 4 (சுருக்கமாக பை 4), 4 ஜிபி நினைவகம் உள்ளது, இரண்டு (ஒன்று மாற்றுக்கு), தரவைச் சேமிக்க 500 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, அதற்கான யுஎஸ்பி 3 வயர், விசிறி இல்லாத அலுமினிய உறை, நேரம் காக்கும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல். இவை எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கும்.

பேட்டரி, சோலார் பேனல், சார்ஜ் கண்ட்ரோலர், வயர், ஃபியூஸ், வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், டேப்லெட் ஆகியவற்றை அக்ராவிலோ குமாசியிலோ வாங்குங்கள். பயணிகள் விமானத்தில் கூடுதல் லித்தியம் பேட்டரியாக 100 வாட்-மணி வரைதான் தடையில்லாமல் கையில் கொண்டுபோகலாம். 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நமக்குத் தேவையான பேட்டரி 1,280 வாட்-மணி. தனி லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவும் 2016 முதல் தடை. வைஃபை போன்ற வானலைக் கருவிகளுக்கு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் வகை ஒப்புதல் வேண்டும். அங்கேயே நல்ல கடையில் வாங்கினால் அந்தத் தலைவலி இல்லை. எல்லாவற்றையும்விட, பேட்டரி கெட்டால் பில்லை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு கடை இருக்கும்.

பழைய அலுவலகக் கணினிகளைக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பலாமே என்று குழுவில் யாராவது சொல்வார். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நன்கொடை என்று எழுதியதால் சுங்க வரி தானாகப் போய்விடாது. விலக்கு வேண்டுமானால் சரக்கு கிளம்பும் முன்பே கானாவில் பதிவு பெற்ற ஓர் அமைப்பின் பெயரில் வாங்க வேண்டும். காகிதம் வருவதற்குள் டெமா துறைமுகத்தில் இலவச நாட்கள் முடிந்து தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும். கானாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் எண் 917, புதியதானாலும் பழையதானாலும் இறக்குமதியாகும் மின்னணுப் பொருள்களுக்குச் சூழல் கட்டணம் விதிக்கிறது. அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் திருத்தத்தின்படி 2025 ஜனவரி 1 முதல் எல்லா வகை மின்னணுக் கழிவும் பெறும் நாட்டின் முன் சம்மதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஓடாத கணினி சட்டத்தின் கண்ணில் கழிவு. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் சோதித்து, வரிசை எண்ணோடு சான்று ஒட்டி அனுப்புங்கள். அக்ராவின் அக்பொக்ப்லோஷியில் பழைய கணினிகளை எரித்துச் செம்பு எடுத்தவர்கள் சுவாசித்த புகையில் நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்டவையும் கலந்திருக்கும்.

மின்சாரக் கணக்கு

திட்டம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பை 4 எஸ்எஸ்டியோடு சேர்ந்து சராசரியாக 5 வாட், ஆக்சஸ் பாயிண்ட் 7 வாட், ஆக 12 வாட். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 120 வாட்-மணி. இதை மட்டும் பார்த்துவிட்டு 100 வாட் பேனல் ஒன்று போதும் என்று முடிவு செய்கிறவர்கள் டேப்லெட்டை மறந்துவிடுகிறார்கள். ஒரு டேப்லெட்டை முழுதாக ஏற்ற, இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 25 வாட்-மணி. 20 டேப்லெட்டுக்கு 500. ஆக நாளொன்றுக்கு 620 வாட்-மணி வேண்டும்.

பேனல் 150 வாட் இரண்டு. மேகமூட்டமான மாதங்களையும் மனதில் வைத்து நாளுக்கு 4 மணி நேர முழு வெயில் என்று கொள்ளுங்கள். வெப்பம், தூசி, வயர் இழப்பு எல்லாம் போக 70 சதவீதம் கிடைக்கும். 300 பெருக்கல் 4 பெருக்கல் 0.7, அதாவது 840 வாட்-மணி. தேவைக்கு மேல் கொஞ்சம் மிஞ்சுவது நல்லது. பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1,020 வாட்-மணி. வெயிலே இல்லாத ஒரு நாளை அது முழுதாகத் தாங்கும். டேப்லெட்டை ஏற்றாமல் சர்வரை மட்டும் ஓட்டினால் ஒரு வாரத்துக்கு மேல் போகும். பள்ளியில் மின்சாரம் ஓரளவு ஒழுங்காக வருமென்றால் டேப்லெட்டுகளை அதில் ஏற்றிக்கொண்டு, சர்வருக்கு மட்டும் 100 வாட் பேனலும் 50 ஆம்பியர்-மணி பேட்டரியும் வைத்துச் செலவைக் குறைக்கலாம்.

கார் பேட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. சூடு 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தகரக் கூரை அறையில் அது நீடிக்காது.

இரண்டு பேனலையும் வரிசையாக, அதாவது ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு இணையுங்கள். 10 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 2 சதவீதம்தான் இருக்கும். இணையாகப் போட்டால் அதே வயரில் 8 சதவீதம் போய்விடும். இதற்கு, பேனலின் உயர்ந்த மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்ப இறக்கித் தரும் எம்பிபிடி வகைக் கண்ட்ரோலர், 30 ஆம்பியர், உள்ளீடு 75 வோல்ட்டாவது தாங்குவது வேண்டும். கண்ட்ரோலரில் எப்போதும் முதலில் பேட்டரியை மாட்டுங்கள், பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில். மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் 12 வோல்ட் அமைப்பா 24 வோல்ட் அமைப்பா என்பதைத் தவறாகப் படிக்கும், சில வகைகள் கருகியும் போகும்.

கடையிலிருந்து வரும் கண்ட்ரோலர் பெரும்பாலும் ஈய அமில பேட்டரிக்கான அமைப்பில் இருக்கும். லித்தியம் வகைக்கு மாற்றி, உச்ச மின்னழுத்தம் 14.2 முதல் 14.4, மிதவை (ஃப்ளோட்) 13.5, துண்டிப்பு 12.0 வோல்ட் என்று வையுங்கள். சமன் செய்யும் (ஈக்வலைஸ்) மின்னேற்றத்தை அடியோடு அணைத்துவிடுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும், அதிலிருந்து கண்ட்ரோலர் வரை 10 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்.

பேனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் பொருத்துங்கள். கானா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 முதல் 11 டிகிரிக்குள் இருக்கிறது. மின் உற்பத்திக்குச் சாய்வு அதிகம் தேவையில்லை, மழைநீர் தூசியைக் கழுவி ஓடத்தான் அது. நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று தூசியோடு வீசும், மழையும் குறைவு. அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை விடியற்காலையில் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். துடைக்கும் பொறுப்பை ஒரு வகுப்புக்குக் கொடுத்து, எந்தக் கிழமை என்பதைச் சுவரில் எழுதிவிடுங்கள்.

சர்வர்

பை 4-க்கு உண்மையான 5.1 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் மாட்யூல் 5 ஆம்பியர் தருவதாக இருக்கட்டும், அதிலிருந்து பை வரையிலான வயர் 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மெல்லிய யுஎஸ்பி வயரில் மின்னழுத்தம் 4.6 வோல்ட்டுக்கு இறங்கினால் பை வேகம் குறையும், எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போகும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றப்படுபவற்றில் பல உண்மையில் வயர் கோளாறு.

மெமரி கார்டில் சர்வரை ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு சிதையும். இயங்குதளத்தை எஸ்எஸ்டியிலிருந்தே தொடங்க வையுங்கள், அதன் முக்கியப் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள், மாணவர் பதிவுகள் உள்ள தரவுத்தளம் மட்டும் எழுதக்கூடிய பகுதியில் இருக்கட்டும். நாள்தோறும் அந்தத் தரவுத்தளத்தின் நகல் ஒரு தனிப் பென் டிரைவுக்குப் போகட்டும்.

பை 4-இல் கடிகாரம் கிடையாது. இணையமும் இல்லாததால் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் நேரம் பின்னே போய், மாணவர் எப்போது எந்தப் பயிற்சி செய்தார் என்ற பதிவு குழம்பும். டிஎஸ்3231 மாட்யூல் இதற்குத்தான். அதை 3.3 வோல்ட் முனையில் இணையுங்கள். சில மாட்யூல்களில் மின்னேற்றும் சுற்று இருக்கும். 5 வோல்ட்டில் இணைத்தால் சாதாரண சிஆர்2032 பேட்டரி வீங்கிவிடும்.

ராஸ்பெர்ரி பையின் உள்ளே இருக்கும் வைஃபை ஒரு வகுப்பைத் தாங்காது. தனி ஆக்சஸ் பாயிண்ட்டை நெட்வொர்க் வயரால் இணையுங்கள். கருவிகளுக்கு வழங்கும் நெட்வொர்க் முகவரிகள் 200, ஒரு கருவி தன் முகவரியை வைத்திருக்கும் குத்தகை நேரம் 2 மணி நேரம் என்று வையுங்கள். 24 மணி நேரக் குத்தகையும் 50 முகவரியும் இருந்தால், ஆசிரியர்களின் கைப்பேசிகளும் அடுத்த வகுப்பின் டேப்லெட்டுகளும் சேர்ந்து பத்து மணிக்கே முகவரி தீர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு கருவிகள் இணையம் இல்லாத வைஃபையை விட்டுத் தானாக விலகப் பார்க்கும். ஒவ்வொரு டேப்லெட்டிலும் இந்த இணைப்பிலேயே இரு என்பதை ஒருமுறை தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். சர்வர் நின்றுவிட்டது என்று வரும் புகார்களில் மிகுதியானது இது.

பெட்டியைத் தகரக் கூரைக்கு நேர் கீழே மாட்டாதீர்கள். தோள் உயரத்தில், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். வயர் நுழையும் துளைகளை ரப்பர் வளையத்தால் அடையுங்கள். எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும்.

உள்ளடக்கம்

இரண்டு மென்பொருள் போதும். ஒன்று கிவிக்ஸ்: விக்கிப்பீடியாவையும் மற்ற நூல்களையும் ஒரே கோப்பாகச் சுருக்கித் தருவது. மற்றது கொலிப்ரி: பாட வீடியோ, பயிற்சி, மாணவர் கணக்கு, ஆசிரியருக்கான முன்னேற்றப் பலகை. இரண்டும் இலவசம். படங்களோடு கூடிய ஆங்கில விக்கிப்பீடியா 100 ஜிபி அளவில் வரும்; எளிய ஆங்கில விக்கிப்பீடியா அதில் சிறு பகுதி, இளநிலை மாணவர்களுக்கு அதுவே பொருத்தம். எஸ்எஸ்டி ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது; முதலிலேயே லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவுக்கு மாற்றுங்கள். பதிவிறக்கிய ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அங்கே போய் மறுபடி இறக்க வழியிருக்காது.

எதை ஏற்றுவது என்பதை ஆசிரியர்கள் சொல்லட்டும். இளநிலைப் பள்ளி முடிவில் பிள்ளைகள் எழுதும் பிஈசிஈ தேர்வுக்கு உதவாத எதுவும் நாளடைவில் திறக்கப்படாது. கீழ் வகுப்புகளுக்கு ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் கதைகள் இருக்கின்றன, ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில். ட்வி, எவே, டக்பானி மொழிகளில் விக்கிப்பீடியாவே இருக்கிறது. பள்ளி இருக்கும் பகுதியின் மொழியைத் தேடி ஏற்றுங்கள். பிள்ளை தன் வீட்டுப் பேச்சைத் திரையில் காண்பது சிறிய விஷயமல்ல.

மாணவர் கணக்குகளில் முழுப்பெயர், பிறந்த தேதி, புகைப்படம் வேண்டாம். வகுப்பும் வரிசை எண்ணும் போதும். கானாவில் 2012 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அந்தத் தரவை ஆம்ஸ்டர்டாமுக்கு நகலெடுத்துக்கொண்டு வரும் தேவையும் உங்களுக்கு இல்லை.

கிளம்பும் முன் முழு அமைப்பையும் இரண்டு வாரம் இணையத்தைத் துண்டித்து வீட்டில் ஓட்டுங்கள். நாளுக்கு இரண்டு முறை, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறையும் யாரும் தொடாமல் தானாக எழுந்து நிற்க வேண்டும்.

பணம்

சகாராவுக்குத் தெற்கே பணம் அனுப்பும் செலவு உலகிலேயே அதிகம். உலக வங்கிக் கணக்கில் 200 டாலர் அனுப்ப சராசரியாக 8 சதவீதம் போகிறது. சிறு சிறு தொகையாகப் பல உறுப்பினர்கள் தனித்தனியே அனுப்பாமல், ஒரே கணக்கில் சேர்த்து மூன்று தவணையாக அனுப்புங்கள்: பொருள் வாங்க, பொருத்த, பயிற்சி முடிந்த பிறகு. கைப்பேசிவழிப் பணச் சேவையான மொபைல் மணியில் அனுப்பினாலும் பெறுபவர் ஒருவராக, பில்லைச் சரிபார்ப்பவர் வேறொருவராக இருக்கட்டும்.

திரட்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுக்கான உதிரிப் பொருள், உள்ளூர் டெக்னீஷியனின் கூலி, அவரது வண்டிச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். டெக்னீஷியனை இலவசமாக வரச் சொல்லாதீர்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, கூலி கிடைக்கும் வேலைக்குத்தான் முதலில் போவார்.

பயிற்சி

மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டு ஆசிரியர்கள், ஊரை விட்டுப் போகாத ஒரு டெக்னீஷியன். அக்ராவின் சர்க்கிள் பகுதியிலும் குமாசியின் அடுமிலும் கைப்பேசி பழுது பார்ப்பவர்களின் திறமையைப் பார்த்தவர்களுக்கு ஆள் கிடைப்பதில் சந்தேகம் வராது; பக்கத்துச் சிறுநகரத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஆசிரியர்களை மட்டும் நம்பினால் மாற்றல் ஆணை ஒன்றில் எல்லாம் போய்விடும்.

பயிற்சிக்கு மூன்று நாள். முதல் நாள் அமைப்பை அவர்களே பிரித்து மறுபடி மாட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கருவியைத் தொடக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் அவர்கள் வெளியே இருக்கும்போது நீங்கள் உள்ளே போய் ஒரு கோளாறை உண்டாக்குங்கள்: ஃபியூஸைக் கழற்றுவது, பேனல் இணைப்பைத் தளர்த்துவது, எஸ்எஸ்டி வயரைப் பாதி உருவுவது, ஆக்சஸ் பாயிண்ட்டின் மின்சாரத்தை நிறுத்துவது, மெல்லிய வயரை மாட்டிவைப்பது. விளக்குகளையும் மல்டிமீட்டரையும் வைத்து அவர்கள் கண்டுபிடிக்கட்டும். பேட்டரி 13.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தெம்பாக இருக்கிறது, 12.8-க்குக் கீழே என்றால் அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்பதைப் பெட்டியின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். மூன்றாம் நாள் மாற்று ராஸ்பெர்ரி பையையும் மாற்று எஸ்எஸ்டியையும் கொடுத்து, வெறும் பெட்டியிலிருந்து முழு சர்வரையும் எழுப்பச் சொல்லுங்கள். எழுந்ததும் அந்த மாற்று எஸ்எஸ்டியை டெக்னீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

தொலைவிலிருந்து உதவி

கானா ஆண்டு முழுதும் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது, கோடைக்கு மாறாது. அங்கே மாலை 5 மணி என்றால் ஆம்ஸ்டர்டாமில் குளிர்காலத்தில் 6, கோடையில் 7. டொராண்டோவில் நண்பகல் அல்லது ஒரு மணி. வாரம் ஒரு நாள் அந்த நேரத்தை உதவிக்கென ஒதுக்குங்கள். பெரும்பாலான கோளாறுகள் வாட்ஸாப்பில் வரும் ஒரு படத்திலேயே தெரிந்துவிடும், அதனால் பெட்டிக்குள் ஒவ்வொரு வயருக்கும் எண் ஒட்டியிருக்க வேண்டும். 4ஜி டாங்கிள் போட்டு நேரடியாக உள்ளே போக விரும்பினால், கைப்பேசி நெட்வொர்க்கில் வெளியிலிருந்து சர்வரைத் தொட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். சர்வர்தான் உங்கள் பக்கம் ஒரு மறைகுறியிட்ட இணைப்பைத் திறக்க வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்புகளை அதற்கு முன் அணைக்கவில்லையென்றால் மாதத்து டேட்டா ஒரே இரவில் தீரும்.

நிர்வாகிக் கடவுச்சொல் உங்கள் குழுவிடம் மட்டும் இருக்கக் கூடாது. மூடிய உறையில் தலைமையாசிரியரின் பெட்டகத்திலும், இன்னொன்று டெக்னீஷியனிடமும் இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து அவர்களே கேட்டால் மட்டும் புதிய பாடங்களை ஒரு எஸ்எஸ்டியில் அனுப்புங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் பேட்டரியின் கொள்ளளவை டெக்னீஷியன் சோதிக்கட்டும்: முழுதாக ஏற்றி, 60 வாட் 12 வோல்ட் விளக்கைப் போட்டு, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்த்தால் போதும். புதிதில் ஏறத்தாழ 20 மணி நேரம் எரியும். 14-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்ற வேண்டும். பழையதை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுப்பதற்கான ஏற்பாட்டை முதல் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.